போகாத ஊரின் பூஞ்சை

"மறைக்காம சொல்லுங்க. எந்தப் பாலைவனத்துக்குப் போனீங்க?" என்று கேட்ட டாக்டர் லொக்கு லொக்கென்று இருமினார். "இந்த ஏ.சி. வேற உயிரை வாங்குது."

கட்டிலில் கிடந்த பயணப் பெட்டி ரிப்பேர்க்காரர் திருதிருவென விழித்தார். இரண்டு மாதக் காய்ச்சலில் எலும்பும் தோலுமாக இருந்தார்.

"பஸ்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும் டாக்டர். பாலைவனத்துக்கு எங்க போக?"

"உங்க நுரையீரல்ல இருக்கறது ஒரு பூஞ்சை. கடல் தாண்டி, பாலைவன மண்ணுல வாழறது. நீங்க போகவே இல்லைன்னா ரிப்போர்ட் தப்பு. போயிருந்தாத்தான் மருந்து. ஈரலைப் பதம் பார்க்கற மருந்து, சந்தேகத்துல குடுக்க முடியாது. குடுக்காம விட்டா..." மீதியை இருமல் விழுங்கியது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகம் சிவந்தது. "அக்கா வீட்டுக்குன்னு ரெண்டு நாள் போனீங்களே, யாரோட போனீங்க?"

"ரெண்டு நாள்ல போயிட்டு வர நான் என்ன கழுகாடி? பாஸ்போர்ட்டே கிடையாது!"

"போனேன்னு சொல்லித் தொலைங்க. மருந்தாவது கிடைக்கும். சண்டையை வீட்ல வெச்சுக்கலாம்."

அவர் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்தார். உயிருக்காகக்கூட அந்தப் பொய் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"மண்ணுன்னதும் ஞாபகம் வருது டாக்டர். மூணு மாசம் முன்னாடி, சக்கரம் மாத்தச் சொல்லி ஒரு கார் டிரைவர் அவர் முதலாளியோட பெட்டியைக் குடுத்தார். உள்ள முழுக்கப் பொடி மண்ணு. துடைக்கறது என் வேலை இல்லைதான். அழுக்கோட திருப்பிக் குடுக்க மனசு வரல. தட்டித் தட்டி, ஊதி ஊதிச் சுத்தம் பண்ணினேன்."

டாக்டர் துள்ளி எழுந்தார். "அதான்! இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கறேன். முதல்ல அந்தப் பெட்டிக்காரனைப் பிடிங்க. அவனுக்கும் இது இருக்கும். எந்த விவரங்கெட்ட ஆளு அது?"

"வாங்கிட்டுப் போக யாரும் வரலையே..."

மனைவி தயங்கினாள். "சும்மாதானே நிக்குதுன்னு உங்க துணியை அதுலதான் எடுத்துட்டு வந்தேன்."

"அடுத்தவங்க பொருளையா?" என்று அவர் பதறுவதற்குள், கட்டிலுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். வெளிநாடு கிளம்பும்போது தன் மகள் மூடியில் ஒட்டிய வாத்துப் படம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"சிஸ்டர்," என்றார், இருமலுக்கு நடுவே, மெல்ல. "ஏ.சி. மேல தப்பில்லை. பக்கத்துல இன்னொரு கட்டில் போடச் சொல்லுங்க... எனக்கு."