வெயில் மின்சாரம்

வெள்ளைத் தாளை அளவாக வெட்டிக் கையில் வைத்திருந்தாள் டீச்சர். ஒட்டத்தான் மனம் வரவில்லை.

அட்டையில் இரண்டு பக்கம். நன்மை. தீமை. ஏழாம் வகுப்பு முனீஸ்வரியின் கையெழுத்து.

தீமைப் பக்கத்தில் கொஞ்சம்தான் எழுதியிருந்தது.

ஆடு மேய்க்க இடம் இல்லை.

சோலார் பேனல் கழுவ லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது. எங்கள் தெருக்குழாயில் வருவதில்லை.

பேனல் கழுவும்போது அம்மாவுக்கு மயக்கம் வருகிறது.

எழுதச் சொன்னது டீச்சர்தான். நிலக்கரி சாம்பலைக் கொட்டும், அணை காட்டை முழுங்கும், வெயிலில் எடுக்கிற மின்சாரத்தால் என்ன கேடு என்று புத்தகத்தில் இல்லை, உங்கள் ஊரில் கேட்டு எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தாள்.

இன்று பள்ளியின் அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறவர் சோலார் கம்பெனியின் மேலாளர். ஊருக்குக் கிழக்கே கருவேலங்காட்டை வழித்துப் பேனல் போட்டிருக்கிற அதே கம்பெனி. தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியும் அவர்கள் கொடுத்ததுதான்.

“அந்தப் பக்கத்த மட்டும் மூடிருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியர் மாலை வாங்கப் போய்விட்டார்.

சன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். விரலில் பசை காய்ந்தது.

பூமயில் ஓடி வந்தாள். முனீஸ்வரியின் அம்மா. சேலைக்கு மேல் கம்பெனியின் பச்சைச் சட்டை. மகள் எழுதியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

“மயங்கி விழுறவள வேலைக்கு வச்சிக்கிருவாகளா டீச்சர்? மறச்சிருங்க.”

டீச்சர் ஒட்டினாள். ஓரங்களை அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

முனீஸ்வரி பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

பூமயில் கிளம்புவதற்குள் கார் வந்துவிட்டது. வாசல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

மேலாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவசரப்படாமல் ஒவ்வொரு அட்டையாக நின்று படித்தார். முனீஸ்வரியிடம் வந்தார். நன்மைகளை வாய்விட்டு வாசித்தார். பிறகு அந்த வெள்ளைத் தாளை விரலால் தடவினார்.

“தீமை ஒண்ணுமே இல்லையாம்மா?”

முனீஸ்வரி வாசலைப் பார்த்தாள். பூமயில் இடுப்பளவில் கையை அசைத்தாள், வேண்டாம் என்று.

தலைமை ஆசிரியர் சிரித்தபடி அடுத்த மேசையைக் காட்டினார். மேலாளர் நகரவில்லை.

இல்லை சார் என்று டீச்சரே சொல்லிவிடலாம். அதோடு முடிந்துவிடும்.

சொல்லவில்லை.

மேசையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பூமயிலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

இனி மேலாளர் திரும்பினாலும் அந்தப் பச்சைச் சட்டை தெரியாது.

முனீஸ்வரிக்கு அம்மாவின் கையும் தெரியாது.

பின்னாலிருந்து பூமயில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் அசையவில்லை.

முனீஸ்வரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.