உறைமோர் கேட்கப் போன டம்ளர்

எதிர் வீட்டில் அடி விழும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டுகிற ரிமோட் நான். அதை நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையும் அந்த வீட்டுப் பெண் அலறினாள், கைக்குழந்தை வீறிட்டது. நான் சத்தத்தை நாற்பதுக்கு ஏற்றினேன்.

"போதும், நிறுத்துய்யா!" என்று எழுந்தது டம்ளர். "நான் போய் உறைமோர் கேட்கிறேன்."

"விளக்கு வெச்சப்புறம் யாரும் மோர் தரமாட்டாங்களே, பைத்தியமே!"

"தராட்டிப் போறாங்க. கதவைத் திறப்பாங்கல்ல?"

டம்ளர் போய்த் தட்டியது. அடி நின்றது. கதவைத் திறந்தவன், "இந்நேரத்துல மோரா?" என்று கத்தினான். டம்ளர் நகரவில்லை. அவன் கத்தி முடிப்பதற்குள் அவள் குழந்தையோடு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

இப்போது எங்கே அலறல் கேட்டாலும் நானும் நடுங்கிக்கொண்டே போகிறேன், பேட்டரி கேட்க. என் வயிற்றில் இரண்டு கிடப்பது யாருக்குத் தெரியும்?