அறுபத்து மூன்றாவது அர்த்தம்

பதினொரு மணிக்கு அகராதி அலுவலகத்தில் போன் அடித்தது.

“அதே இங்கிலீஷ் வார்த்தை ‘ரன்’தானேம்மா?” என்றாள் ஊழியை சலிப்போடு.

“ஆமாம்மா. நேத்து மூக்கு ஒழுகுறதுல நிறுத்தினோம்,” என்றது வயதான பெண்குரல்.

வேர்ச்சொல்லில் ஆரம்பித்து, இரண்டு மாதமாக இதே கூத்து. இந்த வயதில் எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறாரோ!

“அறுபத்து மூணு. சாயம் கரைஞ்சு ஓடுறது.”

“உதாரணத்தையும் படிங்க.”

“‘மழையில் அவளுடைய கல்யாண உடையின் சாயம் ஓடியது.’ ஏம்மா, புத்தகத்தை வாங்கி நீங்களே படிச்சுக்கக் கூடாதா?”

“புத்தகம் இருக்கு. கண்ணுதான் தெரியல.”

“வீட்டுல வேற யாருமில்லையா?”

“இருந்தவர் ரெண்டு மாசம் முன்னாடி போயிட்டார். உங்க அகராதியில இந்த வார்த்தைக்கு அர்த்தமெல்லாம் எழுதினவரே அவர்தான். ஏழு வருஷம் இதையே கட்டிக்கிட்டு அழுதார். சாப்பிடும்போதுகூட என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டார்.”

ஊழியை அந்த உதாரணத்தை மறுபடி பார்த்தாள்.

“நீலச் சாயம்மா,” என்றது போன். “அவரோட வெள்ளைச் சட்டையிலெல்லாம் ஒட்டிக்கிச்சு. மறந்தே போயிட்டார்னு நெனச்சேன்.”

“அம்மா... அடுத்ததையும் இப்பவே படிக்கட்டுமா?”

“வேணாம்மா. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். தீர்ந்துடுமே.”