மடக்க மறந்த கத்தி

"அண்ணே, இங்க வா. உன் பொண்டாட்டி செஞ்சு வச்சிருக்க காரியத்தப் பாரு!"

அப்பாவைப் பார்க்க நாங்குநேரியிலிருந்து வந்த பிருந்தா, வந்த சூட்டோடு கூப்பாடு போட்டாள்.

கணேஷ்ராம் அப்பாவின் அறைக்கு ஓடினான். ஜன்னல் ஓரத்தில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் மடக்குக் கத்தி விரிந்தபடி கிடந்தது. பிருந்தாவின் விரல் நுனியில் ரத்தம்.

"திருநீறு எடுக்கப் போனேன், கீறிட்டு. வாதம் வந்து எந்திரிச்ச மனுசன் இருக்க இடத்துல கத்திய இப்படியா விரிச்சுப் போடுவாவ? கேட்டா, 'நான்தான், மடக்க மறந்துட்டேன்'னு மதினி சாதாரணமாச் சொல்லுதாவ."

அவன் மனைவி சித்ரலேகா கதவோரம் நின்றிருந்தாள்.

"போன வாரமும் இதே கதைதான்" என்றான் கணேஷ்ராம். "அன்னைக்கும் மறந்துட்டேன்னுதான சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் மறக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இனிமே அந்தக் கத்திய நீ தொடக்கூடாது. தொட்டேன்னா, குறுக்குத்துறை ஆத்துல வீசிட்டு வந்துருவேன்."

கத்தியை மடக்கி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

பிருந்தா விடவில்லை. "இங்க கவனிப்பு சரியில்ல அண்ணே. நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் சரியென்று தலையாட்டினான். எந்த முகத்தோடு மறுப்பது?

அப்பா காந்திமதிநாதன் தாலுகா ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தா என்று யாரிடமும் கேட்க மாட்டார். போன வருஷம் வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. இப்போது எல்லாம் தேறிவிட்டது என்கிறார். இடது கையை மட்டும் எப்போதும் துண்டால் மூடி வைத்திருப்பார். காற்று பட்டால் குடைகிறதாம். தினமும் ஒரு கொய்யாப்பழம், அதுவும் தானே வெட்டித்தான் சாப்பிடுவார்.

அன்று சாயங்காலம் கணேஷ்ராம் ஜன்னல் பக்கமாகப் போனபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு, தட்டில் கொய்யா. வலது கையில் மடக்கிய கத்தி.

கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து நெம்பினார். வழுக்கியது. பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தார். இடது காலில் வலு இல்லை. கத்தி தரையில் விழுந்தது. கஷ்டப்பட்டுக் குனிந்து எடுத்து, பல்லால் கடித்துப் பார்த்தார். கட்டிய பல், பிடி கொடுக்கவில்லை.

துண்டு விலகி இடது கை தெரிந்தது. மெலிந்து, விரல்கள் சுருண்டு கிடந்தன.

கணேஷ்ராம் சத்தம் கொடுத்துக்கொண்டே உள்ளே போனான். "அப்பா, பழம் சாப்பிடலையா?"

அப்பா அவசரமாகத் துண்டை இழுத்து மூடினார். "பசியில்லலே. வயிறு மந்தமா இருக்கு."

அவன் நேரே அடுக்களைக்குப் போனான்.

"அப்பாவுக்கு அந்தக் கை தேறவே இல்லையா?"

சித்ரலேகா அடுப்பைத் தணித்தாள். "இல்ல."

"அப்புறம் எப்படித் தினமும் வெட்டுதாவ?"

"தட்டுல வச்சு அழுத்தினா பழம் ரெண்டாயிரும். மடக்குததும் அப்படித்தான். கத்தி முதுகத் தொடையில வச்சு அமுக்குவாவ. அதுக்கெல்லாம் ஒரு கை போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "விரிக்கத்தான் ரெண்டு கை வேணும். அதான் மாமா சாப்பிட வார நேரம் பாத்து விரிச்சு வச்சிருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமா எங்கிட்டயே சொன்னதில்ல. யாரு விரிச்சு வச்சதுன்னு கேட்டதும் இல்ல. நான் எப்படி உங்ககிட்டச் சொல்ல?"

அவன் திரும்பி அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தான்.

"நாங்குநேரிக்குப் போனா ஒரே நாள்ல அங்க எல்லாருக்கும் தெரிஞ்சுரும்" என்றாள். "சோறு பிசைஞ்சு ஊட்ட வந்துருவாவ. மாமா தாங்க மாட்டாவ."

மறுநாள் மத்தியானம். கூடத்தில் அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்தார். வாசலில் கார் வந்து நின்றது. அப்பாவின் பெட்டியை எடுக்க அறைக்குள் போன பிருந்தாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"அண்ணே! இத என்னன்னு கேக்க மாட்டியா? மறுபடியும் விரிச்சுப் போட்டிருக்கு!"

எல்லோரும் ஓடினார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ஜன்னல் ஓரத்தில் தட்டு, தட்டில் கொய்யா. பக்கத்தில் விரிந்த கத்தி.

சித்ரலேகா முன்னால் வந்தாள். "கோவிச்சுக்காத பிருந்தா. நான்தான் மடக்க…"

"அவ இல்ல" என்றான் கணேஷ்ராம். "நான்தான் விரிச்சேன். மடக்க மறந்துட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டு பிருந்தா. அப்பா எங்கயும் வர மாட்டாவ, இங்கனதான் இருப்பாவ."

பிருந்தா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

அப்பா மகனையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கத்தியை வலது கையால் எடுத்து, முதுகைத் தொடையில் வைத்து அமுக்கினார். டக்கென்று மடங்கியது.

"இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா? வண்டிய அனுப்பிருலே."

சித்ரலேகா கணவனைப் பார்த்தாள். இன்று காலையிலிருந்து அவள் அந்த அறைக்குள் போகவே இல்லை.