இரண்டு தாம்பாள மணல்

மில்லை விற்ற கையோடு கடலோரம் பங்களா வாங்கி, மனைவி மரகதத்தோடு அங்கேயே இருந்துவிட நினைத்தார் அருணகிரி. புதுச்சேரியா, கோவாவா என்பதுதான் பாக்கி. இரண்டு ஊரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. நீச்சல் குளமும் படகும் இரண்டு வீட்டிலும் உண்டு. வீட்டுத் தரகர் நீட்டிய படங்களை மரகதம் ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. அதனால் இரண்டு கடற்கரை மணலையும் வரவழைத்து, மொட்டை மாடி வெயிலில் இரண்டு தாம்பாளங்களில் பரப்பி, சக்கர நாற்காலியில் இருந்தவளின் பாதங்களை அவற்றில் வைத்தார்.

“கடலையே வூட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களாக்கும்?” என்று சிரித்தாள் மரகதம்.

“எது புடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லு.”

வலது கால் புதுச்சேரி மணலை அளைந்து விளையாடியது. மரத்துப்போன இடது கால், வைத்தது வைத்தபடி கோவாவில் கிடந்தது. சற்று நேரத்தில் அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

“ஏனுங்க, இந்த இடது பக்கம் சுடுதுங்க.”

“அப்ப கோவா வேண்டாமுங்க. புதுச்சேரியே முடிச்சிரலாம்” என்றார் பக்கத்தில் நின்ற தரகர் உற்சாகமாக.

அருணகிரிக்கு அது காதில் விழவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கோவா மணலை ஒரு கைப்பிடி அள்ளி, அந்த இடது பாதத்தின் மேல் மெல்ல உதிர்த்தார்.

“இன்னொருக்கா சொல்லு, மரகதம்.”