முழங்கால் உயரம்

"தாள் முழுக்க நீங்கதான் இருக்கீங்க. நான் உங்க முழங்கால் உயரம்கூட இல்லை!"

அவள் நீட்டிய படத்தை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். வகுப்பில் 'என் குடும்பம்' என்று வரையச் சொன்னதற்கு அவர்கள் மகள் சிட்டு வரைந்தது. பெரிய நாற்காலியில் பெரிய உருவம், முகவாயில் கறுப்பு கிரேயானால் தாடி, மடியில் ஜம்மென்று சிட்டு. கீழே ஒரு மூலையில், இடுப்பில் முக்கோணமும் குச்சிக் கையுமாக ஒரு பொடி உருவம் நின்றது.

"தாடியைக்கூட விடாம வரைஞ்சிருக்கா, பாருங்க."

கணவர் தன் மூன்று வாரத் தாடியைச் சொறிந்துகொண்டார். "நல்லாத்தானே இருக்கேன்? சின்னப் புள்ள கிறுக்கினதைப் பாத்து யாராவது அழுவாங்களா?"

வேறு அம்மாவாக இருந்தால் சிரித்துவிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பாள். இவள் படித்த படிப்பு அப்படி விடுகிற படிப்பு இல்லை. பழங்கால, இடைக்கால நாகரிகங்களின் கலை வரலாறு. கல்லறைச் சுவரோ கோயில் சுவரோ, பல இடங்களில் ஒரே கணக்குதான்: யார் முக்கியமோ அவர் பெரிது, மற்றவர்கள் அவர் காலடியில். அதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக ஆய்வேடு எழுதி வைத்திருந்தாள். நாளைக் காலையில் அதற்கு வாய்மொழித் தேர்வு. ஒரு முறை கோட்டை விட்டாயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு.

"காலடியில பொடிசா நிக்கிறது யாருன்னு ஊருக்கெல்லாம் எழுதி வெச்சேன். வேலைக்காரிங்க, அடிமைங்க! என் பொண்ணு எனக்குக் கொடுத்த இடம் அதுதான்."

"ஏம்மா, அவளுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியாம வரைஞ்சதுதாங்க நிஜம். தலை வாரிவிடுறது, சோறு ஊட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் நீங்க. அவ சரியாத்தான் வரைஞ்சிருக்கா."

நேற்றுக்கூட சிட்டு லேப்டாப் பக்கத்தில் வந்து நின்று, திரையில் இருந்த பழங்காலப் படங்களைக் காட்டி நச்சரித்தாள். இவங்க எல்லாம் ஏம்மா பக்கவாட்டுலயே நடக்கிறாங்க, இந்தப் பொடி ஆளுங்க ஏன் தட்டு தூக்கிட்டு நிக்கிறாங்க, இந்த ராணிக்கு எதுக்கும்மா தாடி? "பெரியவங்களைப் பெருசாத்தான் வரைவாங்க. நாட்டை ஆண்டா ராணிக்கும் ஒட்டுத்தாடி உண்டு. எல்லாம் அந்தக் காலத்து வழக்கம். போ, போய் அப்பாகிட்ட விளையாடு" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் விரட்டினாள். சிட்டுவும் மறுபேச்சு பேசாமல் அப்பாவிடம் போய்விட்டாள்.

எத்தனை நாள் அப்படி விரட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. போனை எடுத்து, ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியைக்கு அடித்தாள்.

"மேடம், நான் நாளைக்கு வரலை. என் பேரை எடுத்துடுங்க."

"என்ன, விளையாடுறியா? உன்னைத் தேர்வு பண்ண வெளியூர்லேர்ந்து ரெண்டு பேர் வந்து இறங்கியாச்சு. இப்ப விட்டா இனிமே கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"ஆறு வருஷ உழைப்பும்மா!"

"அதான் மேடம். என் பொண்ணுக்கும் ஆறு வயசு."

பேராசிரியையின் குரல் இறங்கி வந்தது. "போனை வைக்காதே. தண்ணி குடிச்சிட்டு யோசிச்சுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

கணவர் கரண்டியை ஆட்டி ஆட்டி, "வேணாம்மா, அவசரப்படாதே" என்று கெஞ்சினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. இத்தனை வருஷம் செத்துப்போன ராஜாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் அவள் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்த சிட்டு வியர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடிவந்தாள். அம்மா கையில் படத்தைப் பார்த்ததும் தண்ணீர் தாகம் மறந்துபோயிற்று.

"பாத்துட்டியாம்மா? நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்குடா கண்ணு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை இழுத்து அணைத்தாள். "அம்மாவைத்தான் இத்துனூண்டா வரைஞ்சுட்டே. பரவாயில்லை. இனிமே அம்மா படிக்க மாட்டேன். உன்கூடவே இருப்பேன், சரியா?"

பதிலுக்குக் காத்திராமல் போனைக் காதில் வைத்தாள். "மேடம், யோசிச்சுட்டேன்..."

சிட்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தைப் பிடுங்கி, மூலையில் நின்ற பொடி உருவத்தின் முக்கோணத்தில் விரலால் தட்டினாள். "ஏப்ரன்கூடத் தெரியலையா உனக்கு?"

விரல் அங்கிருந்து நகர்ந்து பெரிய நாற்காலிக்கு ஏறியது.

"தாடி வெச்ச ராணி நீதாம்மா!"