ஸ்பேர் வரலை தம்பி!

"வேற யாரை வேணா கூப்பிடுங்க. அந்த ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம்!" என்றார் டாக்டர்.

குடியிருப்பின் பொது ஹாலுக்குப் பெரிய டிவி வந்து இறங்கியிருந்தது. அதை மாட்டவும், வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். வேலை கேட்டு வந்திருந்தவர் பழைய டிவி மெக்கானிக். அறுபத்தைந்து வயது. கடையை மூடி ஒரு வருஷம் ஆகிறதாம். "இந்த வேலை கிடைச்சா பெரிய உதவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, டூல்ஸ் பையோடு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தார்.

முடிவு செய்ய வேண்டியவர்கள் டாக்டர், ஆடிட்டர், வக்கீலம்மா. மூவரும் சின்ன வயதில் ஒரே தெரு. மெக்கானிக்கை மூவருக்குமே நன்றாகத் தெரியும். வந்த வினையே அதுதான்.

"குதிரையில வர்ற துப்பறிவாளன் தொடர் ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் தெருவே காலியா இருக்குமே! ஒரு வாரம்கூட விடாம பார்த்தேன். கடைசி நாலு வாரம் எங்க டிவி இந்த ஆள் கடையில! கொலைகாரன் யாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர்.

"நாலு வாரத்துக்கே இப்படிக் குதிக்கிறியே!" என்றார் ஆடிட்டர். "மொட்டை மேனேஜர் வர்ற காமெடி நாடகம் எனக்கு ரெண்டு மாசம் போச்சு. தினமும் சாயங்காலம் கடை வாசல்ல போய் நிப்பேன். 'ஸ்பேர் வரலை தம்பி!' அதைத் தவிர அந்த வாயில வேற வார்த்தையே வராது."

"எனக்குப் பாட்டுப் போட்டி. யார் ஜெயிச்சாங்கன்னு என்னைத் தவிர ஊருக்கே தெரியும்" என்றார் வக்கீலம்மா. "கோவத்துல அவர் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கி விட்டுட்டேன்."

சட்டம் படித்தவர் வாயிலிருந்தே வந்த வாக்குமூலம்! மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலைப்புப் பாட்டைக்கூடப் பாடிப் பார்த்தார்கள். ஆனால் தீர்ப்பில் மட்டும் இரக்கமே இல்லை.

டாக்டர் வாசலுக்குப் போய்ச் சொன்னார்.

"சரிங்க தம்பி. நல்லா இருங்க" என்று மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஹால் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டாக்டரின் அப்பா நிமிர்ந்தார்.

"டேய், அந்த மனுஷனை ஏண்டா அனுப்பிட்டே?"

"வேலை தெரியாத ஆளுப்பா."

"யாருக்கு வேலை தெரியாது? எந்த டிவியும் அவர் கை பட்டா அரை மணி நேரத்துல பேசும்டா!"

"அப்ப நம்ம டிவி மட்டும் ஏன் அத்தனை நாள் ஆச்சு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"அது கெட்டே போகலைடா. உனக்கு முழுப் பரீட்சை வந்துச்சு. பின்னாடி ஒரு வயரைப் பிடுங்கிட்டு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். பரீட்சை முடியற வரைக்கும் ஸ்பேர் வரலைன்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

ஆடிட்டர் எழுந்தே விட்டார். "அங்கிள், எங்க வீட்லயுமா?"

"எனக்கு இந்த யோசனையைச் சொன்னதே உங்கப்பாதான்!"

"ஐயோ, நான் காத்தைப் பிடுங்கின சைக்கிள்!" என்றார் வக்கீலம்மா.

டாக்டர் தடதடவென்று படியிறங்கி ஓடி, கேட் பக்கத்தில் மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது.

"உள்ளே வாங்கண்ணே, வேலை உங்களுக்குத்தான். எங்கப்பா செஞ்ச வேலைன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏன் உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க?"

மெக்கானிக் சிரித்தார்.

"பெத்தவங்க மேல கோவம் வந்தா பிள்ளைங்களுக்குச் சாப்பாடு இறங்காது தம்பி. என்மேல வந்தா நாலு நாள்ல போயிடும்னு நினைச்சேன். முப்பது வருஷம் வச்சிருப்பீங்கன்னு நினைக்கலை!"